பணிவிடை எவர் மீது கடமை?

முதுமையில் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்துவிட்ட பெற்றோருக்குப் பணிவிடை செய்ய, ஊதியம் கொடுத்துச் செவிலியர் ஒருவரை இல்லத்தில் அமர்த்துவது தகுமா? அவ்வாறு அமர்த்திய மகன் தன் கடமையை நிறைவேற்றியவன் ஆவானா, அன்றி அதிலிருந்து தப்பித்துக் கொண்டவன் ஆவானா? நம் மஹல்லாக்களில் இன்று அடிக்கடி எழுகின்ற வினா இது. இதற்கு நாம் ஒருமுறை அவசரப்பட்டு விடை கூறினோம். அந்த விடை தவறானது. அத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு, பிறகு வினாவை ஆராய்வதே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஜும்ஆ நாளின் பயானில், பெற்றோரைப் பேணுதல் என்னும் பொருள் பற்றிப் பேசினோம். பெற்றெடுத்த தாய் தந்தையரைக் கூலிக்கு வந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு, மாதந்தோறும் பணம் அனுப்பினால் போதும் என்றிருப்போர் மறுமையில் என்ன விடை சொல்லப் போகின்றனர் என்று வினவினோம். கேட்டிருந்தோர் பலர் தலையசைத்தனர். சிலர் கண் கலங்கினர். பயான் நன்றாக அமைந்தது என்றே நாமும் எண்ணிக் கொண்டோம்.

அன்று அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். அவருடைய தந்தையார் பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து ஓராண்டாகப் படுக்கையில் இருந்தார். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நாள்தோறும் காலையில் வந்து மாலை வரை இருந்து அவரைக் கவனித்து வந்தார். நம் பேச்சைக் கேட்ட அம்மகன் மறுநாளே செவிலியருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். "அத்தாவை இனி நாமே பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டாரிடம் கூறினார். பத்து நாளில் விடுமுறை முடிந்தது; விமானம் ஏறிவிட்டார்.

மூன்று மாதங்கள் கழித்து அப்பெரியவரை நோய் விசாரிக்கச் சென்றோம். அறைக்குள் நுழைந்ததுமே புண்ணின் வாடை எதிர்கொண்டது. இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண்கள் ஆழமாக இறங்கியிருந்தன. பெரியவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். பேச முடியாமல் கண்ணீர் விட்டார். அவருடைய மருமகள் வாசல் திரைக்கு அப்பால் நின்று நம்மிடம் பேசினார்.

"ஹஜ்ரத், மாமாவுக்குச் செய்யிறதை நான் சுமையா நினைக்கலை. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் செய்யிறேன். தெரியாததுனாலதான் புண்ணு வந்திருச்சு. நர்ஸம்மா இருந்த வரைக்கும் உடம்புல ஒரு புண்ணு கிடையாது. நீங்க பயான்ல சொன்னதுக்குப் பிறகுதான் அவங்க நர்ஸை நிறுத்தினாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இது யாரு மேல பர்ளு? அவங்க மேலயா, என் மேலயா?"

அந்த வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. "இன்ஷா அல்லாஹ், பார்த்துச் சொல்கிறோம்" என்று கூறித் திரும்பினோம். பார்த்தபோது, நாம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கின்ற கிதாபுகளிலேயே விடை இருந்தது. அதனை வாசகர் முன் வைக்கவே இக்கட்டுரை.

பெற்றோருக்கு நன்மை செய்தல் மக்கள் மீது கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. திருமறையின் 17-ஆம் அத்தியாயத்தில் 23, 24 ஆகிய வசனங்கள் இக்கடமையை அல்லாஹ்வை மட்டுமே வணங்க வேண்டும் என்னும் கட்டளைக்கு அடுத்த நிலையில் வைக்கின்றன. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் மிகச் சிறிய ஒலியைக் கூட விலக்குகின்றன. ஆனால் அக்கட்டளை எவரை நோக்கியது? பெற்ற மக்களை நோக்கியது. மகனையும் மகளையும் நோக்கியது. மருமகள் மாமனார் மாமியாருக்குச் செய்யும் பணி அவருடைய நற்குணம், இஹ்ஸான், அதற்கு அல்லாஹ்விடம் பெருங்கூலி உண்டு. எனினும் அது அவர் மீது சுமத்தப்பட்ட பர்ளு அன்று. அவருக்கும் பெற்றோர் உண்டு. அவர் மீதுள்ள பர்ளு அவர்களைச் சார்ந்தது.

அவ்வாறாயின் அந்த மகன் செய்தது என்ன? கூலிக்கு வந்தவர் கையில் தந்தையை ஒப்படைப்பது இழுக்கு என்று எண்ணினார். அதனால் கூலி பெறாதவர் கையில் ஒப்படைத்தார். செவிலியரை அமர்த்தியதும் ஒப்படைப்பே. அவரை நீக்கியதும் ஒப்படைப்பே. முன்னதில் கடமையை ஏற்றவர் அத்தொழிலைக் கற்றவர், மனமுவந்து ஒப்பந்தம் செய்தவர், மாத முடிவில் ஊதியம் பெற்றவர். பின்னதில் ஏற்றவர் கல்லாதவர், கேட்கப்படாதவர், ஊதியம் பெறாதவர். இவ்விரண்டில் எது மகனுக்குப் பெருமை? பிறருடைய உழைப்பால் தன் கடமையை நிறைவேற்றிக்கொண்டு அதற்குப் பெற்றோர்க்கு நன்மை செய்தல் என்று பெயரிடுவது நம் இல்லங்களில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. நாம் மிம்பர் அருகில் நின்று அதற்குத் துணை போனோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

இனி, கடமையை மற்றொருவரிடம் ஒப்படைப்பது பற்றி பிக்ஹு என்ன கூறுகின்றது என்பதைப் பார்ப்போம். இதனை நியாபத் என்பர். பகரமாய் நிற்றல் என்று தமிழில் கூறலாம். ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ அவர்கள் இயற்றிய 'ஹிதாயா'வில், பிறருக்காக ஹஜ்ஜுச் செய்தல் பற்றிய பாடத்தில், வணக்கங்கள் மூவகையாகப் பகுக்கப்படுகின்றன. ஜகாத் போன்று பொருளால் மட்டும் நிறைவேறுவன ஒரு வகை. இவற்றில் பகரம் எப்போதும் செல்லும். தொழுகை போன்று உடலால் மட்டும் நிறைவேறுவன மற்றொரு வகை; இவற்றில் பகரம் ஒருபோதும் செல்லாது. ஹஜ்ஜைப் போன்று பொருளும் உடலும் கலந்தன மூன்றாம் வகை. இயன்றவன் தானே செய்ய வேண்டும், இயலாதவனுக்குப் பகரம் செல்லும்.

பெற்றோரைப் பேணுதலை இம்மூன்றில் எவ்வகையில் சேர்ப்பது? நாம் சிந்தித்த வரையில், அதனுள் மூன்று வகையும் அடங்கியுள்ளன. உணவு, உடை, மருந்து, மருத்துவர் கட்டணம் ஆகியவை பொருள் சார்ந்தவை. இவற்றை எவர் கையால் கொடுத்தாலும் கடமை நிறைவேறும். குளிப்பாட்டுதல், புரட்டிப் படுக்க வைத்தல், ஊட்டுதல், கழிவகற்றுதல் ஆகியவை உடலால் செய்யும் பணிகள். இவை ஹஜ்ஜைப் போன்றவை. இயன்றவன் செய்ய வேண்டும். இயலாதவன் தகுதியுள்ள ஒருவரைப் பகரமாக்கலாம். தொலைவு ஓர் இயலாமை. தன் உடல்நலக் குறைவு ஓர் இயலாமை. அறியாமையும் ஓர் இயலாமையே என்பதை நாம் அந்த அறையில் கண்டோம். மூன்றாவது, பெற்றோர் முன் பணிவின் சிறகைத் தாழ்த்துதல். அருகில் அமர்தல், பெயர் சொல்லி அழைத்தல், ஒரே செய்தியை அவர் பத்தாம் முறை கூறும்போதும் முதல் முறை போல் கேட்டல் ஆகியவை இதில் அடங்கும். இதற்குப் பகரம் இல்லை. உலகிலேயே சிறந்த செவிலியரை அமர்த்தினாலும் மகனுக்காக அவர் மகனாக முடியாது.

நாம் பயானில் செய்த பிழை யாதெனில், இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து, மூன்றாவதற்குரிய விதியை இரண்டாவதன் மீது ஏற்றியதேயாகும். செவிலியரை அமர்த்தியதில் குற்றமில்லை. அமர்த்திய பிறகு அறைக்குள் எட்டிப் பாராதிருப்பதில் குற்றம் இருக்கின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கித்மத் என்பது அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செய்வது. கூலிக்குச் செய்பவரிடம் அன்பை எதிர்பார்க்க முடியுமா? மதீனாவில் ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தது கூலிக்காகவா?" என்று கேட்கலாம். உண்மைதான். ஹிஜ்ரி 5-இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பட்டுக் காயமடைந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்கள் அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்குமாறு கூறினார்கள். அவ்வம்மையார் நன்மையை மட்டுமே நாடி அப்பணியைச் செய்து வந்தார்கள் என்றே சரித்திர நூல்கள் குறிப்பிடுகின்றன. அது மிக உயர்ந்த நிலை. ஆனால் உயர்ந்த நிலை ஒன்று உண்டு என்பதால் அதற்கு அடுத்த நிலை இழிந்ததாகிவிடாது.

கூலிக்குச் செய்யும் பணிவிடையைப் பற்றி மார்க்கத்தின் தீர்ப்பு என்ன என்பதை அறிய, பாலூட்டுதலைவிடச் சிறந்த சான்று இல்லை. மனிதர் மனிதருக்குச் செய்யும் பணிகளுள் அதனினும் அணுக்கமானது எது? அதற்கும் ஊதியம் கொடுக்குமாறு 65-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கூறுகின்றது. நம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா அம்மையார், பனூ சஅத் கூட்டத்துப் பெண்களோடு, ஊதியத்துக்குப் பாலூட்டக் குழந்தை தேடியே மக்காவுக்கு வந்தார். தந்தையற்ற குழந்தையை ஏற்றால் தக்க வருவாய் கிட்டுமா என்று அப்பெண்கள் தயங்கியதையும் சீறா நூல்கள் மறைக்கவில்லை. ஹலீமா அம்மையாரும் முதலில் தயங்கியவரே. வேறு குழந்தை கிடைக்காத நிலையில்தான் அவ்வருட்குழந்தையைக் கையில் ஏந்தினார். அங்ஙனம் ஊதியத்தில் தொடங்கிய அவ்வுறவு எங்கே முடிந்தது? பல்லாண்டுகள் கழித்து, ஜிஇர்ரானாவில், பாலூட்டிய அன்னைக்காக நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள் என்று அறிவிக்கப்படுகின்றது.

இன்னும் ஒன்று. பால்குடி உறவால் திருமணம் விலக்கப்படுவது யாவரும் அறிந்தது. எத்தனை முறை பருகினால் அவ்வுறவு ஏற்படும் என்பதில் ஷாபிஈ, ஹனபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் பாலூட்டியவர் கூலி பெற்றாரா, பெறவில்லையா என்று எந்த மத்ஹபும் கேட்கவில்லை. கூலி பெற்றாலும் அவர் தாய். அவருடைய மக்கள் உடன்பிறப்புகள். கூலி, பணியின் பயனைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விதி வேண்டுமா? உடலில் சேர்ந்த பாலை ஊதியம் பால் அல்லாததாக்கிவிடவில்லை. அதுபோலவே நள்ளிரவில் எழுந்து ஒரு முதியவரின் ஈரத்துணியை மாற்றிய கையை, மாதச் சம்பளம் கருணை அல்லாததாக்கிவிடாது. மத்ரஸாவில் ஓதிக் கொடுக்க நாமும் ஊதியம் பெறுகின்றோம். அதனால் நாம் கற்பித்தது கல்வி அல்லாததாகிவிட்டதா?

பணிவிடை பெண்களின் வேலை என்று எண்ணிக் கொண்டிருப்போருக்கும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போருக்குப் படை புறப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நாயகத்தின் திருமகளாருமான ருக்கையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். போருக்கு வராமல் இல்லத்திலிருந்து மனைவியைக் கவனிக்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களுக்கு ஆணை கிடைத்தது. பத்ரில் வெற்றி கிடைத்த செய்தி மதீனாவை அடைந்த வேளையில் ருக்கையா (ரலி) அவர்கள் மறைந்துவிட்டார்கள். போர்க்களத்தை மிதிக்காத உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஓர் ஆண்மகன், ஓர் இல்லத்தில், ஒரு நோயாளியின் அருகே அமர்ந்திருந்தது பத்ருக்கு நிகராக மதிக்கப்பட்டது. நம் இல்லங்களில் தந்தையின் அறைக்குள் அடியெடுத்து வைக்கக் கூசுகின்ற மகன்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, அன்பிருந்தால் போதாதா, கல்வி எதற்கு என்னும் வினாவுக்கு வருவோம். அந்த மருமகளிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும், அசையாமல் கிடக்கும் உடலில் எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழியும் என்பதை அவர் அறியார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வாதம் கண்ட கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு விலகிவிடும். மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, உணவு முடிந்த பின்னும் சிறிது நேரம் அந்நிலையிலேயே இருத்த வேண்டும். சிறுநீர்ப் பையை உடலின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும். மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பிச் சென்று நோயைக் கொண்டுவரும். செவிலியர் பட்டயத்துக்கு மூன்றாண்டும் பட்டத்துக்கு நான்காண்டும் கற்கின்றனர். அதன் பொருள், இவற்றை அன்பு மட்டும் கற்றுத் தராது என்பதேயாகும்.

மற்றொன்றையும் தயக்கத்தோடு கூறுகின்றோம். உயிர் பிரியும் நிலையிலுள்ளவருக்கு ஜம்ஜம் நீரையோ தேனையோ கரண்டியால் வாயில் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாசத்தால் செய்வதே அது. ஆனால் நினைவு மங்கி, விழுங்கும் ஆற்றல் இழந்தவரின் வாயில் ஊற்றும் நீர் உணவுக் குழலுக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்லும், அவர் திணறுவார். மரணத் தறுவாயில் உள்ளவரின் இதழ்களைப் பஞ்சால் நனைக்குமாறு பிக்ஹு நூல்களில் கூறப்பட்டுள்ளது. இன்றைய செவிலியர் கூறுவதும் அதுவே. நூலில் இருந்ததை நாம் மறந்தோம், செவிலியர் நினைவூட்டுகின்றார்.

நோயாளிக்கு ஊதியம் பெறும் பணியாளரை நியமிப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை என்று எண்ண வேண்டா. எகிப்தின் சுல்தான் கலாவூன், சுல்தானாவதற்கு முன்னர் திமஷ்கில் கடும் வயிற்றுநோய் கண்டபோது, நூருத்தீன் அவர்கள் நிறுவிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். ஆட்சி கிட்டினால் தாமும் அத்தகையதொன்றை எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். அதன்படி 1284-இல் கெய்ரோவில் மன்சூரீ மருத்துவமனை எழுந்தது. ஆண் நோயாளிகளுக்கு ஆண் பணியாளரும் பெண் நோயாளிகளுக்குப் பெண் பணியாளரும் வக்பு வருவாயிலிருந்து ஊதியம் பெற்றனர். வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் சென்று சேர வேண்டும் என்று அதன் வக்பு ஏற்பாட்டில் வகை செய்யப்பட்டிருந்தது.

பயிற்சி பெற்ற செவிலியர் ஏழைகளின் இல்லங்களைத் தேடிச் செல்லும் முறை இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரில் தொடங்கிய வரலாறும் அறியத்தக்கது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், தம் மனைவியின் இறுதி நோயில் அவரைக் கவனிக்க மேரி ராபின்சன் என்னும் செவிலியரை அமர்த்தியிருந்தார். மனைவி மறைந்த பின், செல்வமுள்ள தம் இல்லத்திலேயே அப்பணி இத்தனை ஆறுதல் தந்ததென்றால், ஒன்றுமில்லாதோர் குடிசையில் அது எத்தகைய ஆறுதலாகும் என்று எண்ணினார். 1859-இல் அதே செவிலியரை ஊதியத்துக்கு அமர்த்தி, மூன்று மாதம் ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு மாதம் முடிவதற்குள் அங்குள்ள துயரைத் தாங்க முடியாமல் அவ்வம்மையார் அழுதுகொண்டே திரும்பி வந்து விடுவிக்குமாறு வேண்டினார். மூன்று மாதத்தை முடிக்குமாறு ராத்போன் கேட்டுக்கொண்டார். முடிந்தபோது, இப்பணியை விடேன் என்றார் அவர். பின்னர் 1862-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் அறிவுரைப்படி அங்கே பயிற்சிப் பள்ளி அமைந்தது. நகரம் 18 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. ஊதியத்துக்கு வந்தவருக்கு அன்பிராது என்போர் அவ்வம்மையாரின் கண்ணீரை என்னென்பர்?

செவிலியரை அமர்த்துவது ஆகுமானதென்றால், அமர்த்தியோர் மீது அவருக்குரிய ஹக்கும் கடமையாகின்றது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு ஏவப்பட்ட சமுதாயம் நாம். ஆயின் நம் இல்லங்களில் நடப்பதென்ன? நோயாளிக்கென வந்தவரைப் பாத்திரம் துலக்கச் சொல்கின்றோம். இரவு முழுதும் விழித்திருந்தவருக்குப் பகலில் உறங்க ஓர் இடம் ஒதுக்குவதில்லை. எஞ்சிய சோற்றை அடுப்பங்கரையில் வைத்துக் கொடுக்கின்றோம். பெயரைக் கேட்டறியாமல் "ஏம்மா" என்று அழைக்கின்றோம். நம் தந்தையின் மறைவுறுப்பைத் தூய்மை செய்கின்றவரை நம் பந்தியில் அமர்த்தக் கூசினால், அசுத்தம் எங்கே இருக்கின்றது?

மறைக்க வேண்டிய உறுப்புகளைப் பற்றிய வினாவும் உண்டு. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் பணிவிடை செய்வதே முதன்மையானது. கிடைக்குமாயின் அதனையே நாட வேண்டும். கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு அனுமதி உண்டு. தேவையைக் கடந்தால் அனுமதி இல்லை. இதில் நோயாளியின் மானத்தைப் போலவே செவிலியரின் மானமும் காக்கப்பட வேண்டும். பெண் செவிலியர் தனித்து அஞ்சியிருக்கும்படி விடாமல், குடும்பத்தார் ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பது கட்டாயமாகும். மற்றவர் மார்க்கத்தைச் சேர்ந்தவர் நம் வீட்டில் எப்படி என்று சிலர் தயங்குகின்றனர். அந்தப் பெரியவரைக் கவனித்த செவிலியர் நம் மார்க்கத்தவர் அல்லர். பாங்கொலி கேட்டதும் தயம்மும் செய்யும் கல்லை எடுத்து அவருடைய இடக்கையருகே வைத்துவிட்டு, கட்டிலை கிப்லாப் பக்கம் திருப்பிவிட்டு வெளியே செல்வது அவர் வழக்கம் என்று பின்னர் அறிந்தோம். அவர் நின்ற பின் அந்த மூன்று மாதமும் கட்டிலைத் திருப்ப ஆளின்றிப் போயிற்று.

இத்தனை கூறிய பின்னும், மகனுக்கு எஞ்சியிருப்பது என்ன? நிறையவே எஞ்சியுள்ளது. ஊரில் இருப்பவன் நாளில் ஒருமுறையேனும் செவிலியரோடு சேர்ந்து தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு வேளை உணவைத் தன் கையால் ஊட்டட்டும். தொலைவில் இருப்பவன் பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் நேற்று இரவு உறங்கினீர்களா என்று கேட்கட்டும். செவிலியரிடமும் பேசி, குறையைக் கேட்டு, நன்றி கூறட்டும். விடுமுறையில் வருகின்றவன் விருந்துகளுக்குப் போக எஞ்சிய நேரத்தை அன்று, முதல் நேரத்தைத் தந்தைக்குக் கொடுக்கட்டும். நம் நாட்டில் 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை மக்களிடமிருந்து பெற்றுத் தர முடியும். பணிவின் சிறகை எந்தத் தீர்ப்பாயமும் பெற்றுத் தர முடியாது. அதனால்தான் அது ஷரீஅத்தில் தனியே கேட்கப்படுகின்றது.

செவிலியரை அமர்த்தப் பொருளற்றோர் நிலை யாது? இது தனி மனிதரின் வினா அன்று, ஜமாஅத்தின் வினா. அண்டையிலுள்ள கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் பொதுமக்களின் கைக்கு வந்தது. கடைக்காரரும் மாணவரும் சிறு தொகைகளைச் சேர்த்து, செவிலியரோடு வீடுவீடாகச் சென்றனர். 2008-இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்தணிப்புப் பணி செய்ய வகை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் எத்தனை மஹல்லாக்களில், படுக்கையில் கிடப்போர் எத்தனை பேர் என்று ஜமாஅத்திடம் ஒரு பட்டியல் இருக்கின்றது? திருமண மண்டபத்துக்குக் குளிரூட்டி வாங்கத் திரட்டும் தொகையில் ஒரு பகுதி, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை ஓராண்டு அமர்த்தப் போதாதா? ஜகாத் நிதியைப் பயன்படுத்த விரும்பினால், அதனை ஏழை நோயாளியின் உடைமையாக்கிக் கொடுத்து, அவர் தம் செவிலியருக்குக் கூலி கொடுக்குமாறு செய்வது பேணுதலான வழி. அப்போது அவர் பிறர் தயவில் கிடப்பவராக இராமல், கூலி கொடுப்பவராகத் தலைநிமிர்ந்தும் இருப்பார்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லாதவனிடம், நான் நோயுற்றிருந்தபோது நீ வரவில்லையே என்று மறுமையில் இறைவன் வினவுவான் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் எத்தனையோ முறை எடுத்தோதியிருக்கின்றோம். ஒருமுறை போய் வருகின்றவருக்கே அவ்வளவு சிறப்பு என்றால், நாள் முழுதும் அங்கேயே இருப்பவருக்கு எவ்வளவு? அவர் மகனாயினும், மருமகளாயினும், சம்பளத்துக்கு வந்த செவிலியராயினும், அந்தப் படுக்கையருகே நிற்கின்றவர் சிறியவர் அல்லர்.

அந்த மருமகளுக்கு நாம் விடை சொல்லி அனுப்பினோம்: "இது உங்கள் மீது பர்ளு அன்று. நீங்கள் செய்ததெல்லாம் உங்களுடைய நன்மை ஏட்டில் தனியே எழுதப்படும். உங்கள் கணவரிடம் நாமே பேசுகிறோம்." பேசினோம். மறுவாரம் செவிலியர் திரும்பி வந்தார். அடுத்த ஜும்ஆவில், முன்னர் நாம் கூறியது பிழை என்று அதே இடத்தில் நின்று கூறினோம். குதிகாலில் இருந்த புண் ஆறியது. இடுப்பில் இருந்தது ஆறுவதற்குள் பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். பயானில் ஒரு சொல்லைப் பொழிவது எளிது. அது எந்த வீட்டில், எவர் உடலில் போய் விழுகின்றது என்பதை அறிவது அரிது என்று அன்று கற்றோம்.

பெற்றோருக்கும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்கும் நாம் கொடுக்க வேண்டிய ஹக்கை இவ்வுலகிலேயே கொடுத்து முடிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் அருள்வானாக! ஆமீன்.